ஆனைமுடங்கி மலையில் நின்ற தீ

பங்குனி பிறந்த ஒன்பதாம் நாள் காலையில் ஆனைமுடங்கி மலையின் மேற்குச் சரிவில் பிடித்த தீ, புல்லைத் தின்று, ஈத்தல் புதர்களைத் தின்று, கடைசியில் கல்லூத்துப்பாறைக்காரர்கள் மூன்று பேரைத் தின்றபின், தின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. அணையவும் இல்லை, மேலே ஏறவும் இல்லை. இரண்டு ஆள் உயரத்துக்கு, சரிவின் குறுக்கே கட்டிய சுவர்போல, எந்தப் பக்கம் காற்றடித்தாலும் ஒரே திசையைப் பார்த்தபடி நின்றது. அது பார்த்த திசையில் ராஜரத்தினத்தின் ஏலக்காய் எஸ்டேட்டும், அதன் இரும்புக் கேட்டும் இருந்தன. கேட்டுக்கும் தீக்கும் நடுவில் நாற்பது எட்டுத் தூரம். அதை நடந்து எண்ணிப் பார்த்தவள் ஒச்சம்மாள்.

ஒச்சம்மாளுக்கு நாற்பத்தோரு வயது. மிளகு பறிப்பது அவளுக்குப் பிழைப்பு. தீயணைப்பது பிழைப்பில்லை, வேறு ஆளில்லாததால் ஊர் தன் தலையில் ஏற்றிக்கொண்ட வேலை. மலையில் புகை தெரிந்தால் தீயணைப்பு வண்டி வரலாம், ஆனால் வண்டிப் பாதை ஊரோடு முடிந்துவிடும். அதற்குமேல் பாறையும் பள்ளமுமாகக் கிடக்கிற மலையில் ஏறிப்போய்த் தீயை மறிக்கக் கல்லூத்துப்பாறையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அரிவாள், மண்வெட்டி, முதுகில் தண்ணீர்க் கேன், கையில் அடிப்பதற்கு ஒரு பச்சைக் கொப்பு, இவ்வளவுதான் அவர்களிடம் இருந்தது. காற்று திரும்பப் போவதை மற்றவர்களுக்கு முன்னால் பிடரியில் உணர்கிறவள் என்பதால் ஒச்சம்மாள் சொன்னபடி அந்தப் பன்னிரண்டு பேரும் நடந்தார்கள். அவர்களில் ஒருவன் அவளுடைய தம்பி தவசி. பதினான்கு வயது இளையவன். அம்மா பிரசவத்தோடு போய்விட, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி.

அன்றைக்கும் எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள். தீ வருகிற வழியில் புல்லைச் செதுக்கி, இரண்டு ஆள் கை விரித்த அகலத்துக்கு மண் தெரிகிற மாதிரி கோடு இழுத்தார்கள். மேல்பக்கத்தை முடிக்கத் தவசியும் மொக்கராசும் கூடலிங்கமும் போனார்கள். பிடரியில் காற்று திரும்புவதை ஒச்சம்மாள் உணர்ந்து, "மேல ஓடுங்கடா, எஸ்டேட்டுக்குள்ள போயிருங்க" என்று கத்தியபோது, அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில் தீ ஏறிவிட்டது. எஸ்டேட்டுக்குள் ஈரம் இருந்தது, தண்ணீர்த்தொட்டி இருந்தது. யானை இறங்காமலிருக்க வெட்டிய அகழி இரண்டு பக்கமும் இருந்ததால் இந்தச் சரிவிலிருந்து உள்ளே போக அந்தக் கேட் ஒன்றுதான் வழி. எதிர்ப் பாறையில் நின்று அவள் பார்த்தாள்: மூன்று பேரும் கேட்டை எட்டினார்கள், கம்பியைப் பிடித்து உலுக்கினார்கள். உள்ளே ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. கேட் திறக்கவில்லை. தீ நெருங்க நெருங்க, வேறு வழியில்லாமல் மூவரும் அகழியோரமாகத் திரும்பிக் கீழே பள்ளத்தைப் பார்த்து ஓடினார்கள். அதற்குள் புகை மூடிவிட்டது.

புகை விலகியபோது தீ நின்றுகொண்டிருந்தது.

முதல் வாரம் ஊர் அழுதது. இரண்டாம் வாரம் உடல்களை எடுப்பதற்காகத் தீயை அணைக்க முயன்றது. கேன் கேனாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். தீ மழையில் நனைகிற எருமைமாதிரி சும்மா நின்றது. கொப்பால் அடித்தார்கள், கொப்பில் ஒரு இலைகூடக் கருகவில்லை. பிறகு தீயணைப்பு நிலையத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, "இது எங்க கையில இல்லம்மா" என்று ஒச்சம்மாளிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். ஒச்சம்மாள் அதற்கு வருத்தப்படவில்லை. பறிப்பு முடிந்ததும் தினமும் மலையேறி வந்து தீக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வாள். தம்பியைத் தின்ற தீயிடம் அவளுக்குக் கோபம் வரவில்லை. தீ தன் குணத்தைத்தான் காட்டியது. வெள்ளைச் சட்டையிடம்தான் அவளுக்குக் கோபம், அதுவும் இந்தத் தீமாதிரியே, கூடாமல் குறையாமல் ஒரே உயரத்தில் நின்று எரிகிற கோபம்.

சித்திரையில் விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். ஊரே கூடி நிற்க, எஸ்டேட் மேனேஜர் தீக்கு முன்னாலேயே நின்று அவரிடம் சொன்னார்: "கேட் திறந்துதான் சார் இருந்துச்சு. இவங்கதான் பதட்டத்துல வழி தெரியாம கீழ எறங்கிட்டாங்க."

அவர் சொல்லி வாய் மூடியதும் தீ அசைந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டுகிறவன்போல, அடியைத் தூக்கித் தூக்கி வைத்து, கேட்டைப் பார்த்து மூன்று எட்டு நடந்து, மறுபடி நின்றது. அது விட்டுப்போன இடத்தில் சாம்பலுக்குமேல், ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி, மூன்று பேரும் கிடந்தார்கள்.

அதிகாரி தன் நோட்டில், பலத்த காற்றினால் தீ முன்னேறியது என்று எழுதிக்கொண்டார். அன்றைக்கு ஒரு புல்லும் ஆடவில்லை. ஊர் மூவரையும் தூக்கிப்போய்ப் புதைத்தது.

அதன்பிறகு கல்லூத்துப்பாறை அந்தத் தீயோடு வாழப் பழகியது. பழக அதிக நாள் ஆகவில்லை. பெண்கள் அதன் பின்பக்கத்தில் பாய் விரித்து மிளகு காயப் போட்டார்கள். ஆடி மாதச் சாரலில் துணிகளும் அங்கேதான் காய்ந்தன. குளிர் பிடித்த ஆடுகள் தாமாகவே போய்ப் படுத்துக்கொண்டன. மழை மூன்று மாதம் கொட்டியது, தீ நனையவில்லை. இதைப் பற்றி யாரும் வியந்து பேசவில்லை. பேச்செல்லாம் வேறொன்றைப் பற்றி இருந்தது. அந்தத் தீக்கு முன்னால் யார் பொய் சொன்னாலும் அது கேட்டைப் பார்த்து நகர்ந்தது. சின்னப் பொய்க்கு ஒரு விரற்கடை, பெரிய பொய்க்கு ஓர் எட்டு. ஆடு திருடு போன வழக்கு அங்கே ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது. பெண் பார்க்க வந்தவர்களை, மலை அழகாக இருக்கும் என்று சொல்லி அங்கே கூட்டிப்போய் மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார்கள். கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம் வைத்திருந்த ஒருவர் மூச்சு வாங்குகிறது என்று சொல்லி அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். ஓட்டுக் கேட்டு வந்தவர் மைக்கைப் பிடித்து, "என் உயிரினும் மேலான" என்று ஆரம்பித்ததும் தீ நான்கு எட்டுப் போய்விட்டதால், ஊர்க்காரர்கள் கும்பிட்டு அவரைக் கீழே அனுப்பி வைத்தார்கள்.

தீ எந்தப் பக்கம் போகிறது என்பது எல்லோருக்கும் புரிந்ததும், ஊர் இன்னொன்றும் செய்து பார்த்தது. பால் கறக்கப் போகிறவர்கள், விறகு பொறுக்கப் போகிறவர்கள், எல்லோரும் வழியில் தீக்கு முன்னால் நின்று, "எனக்கு நாலு காது", "எங்க மாமியா தங்கமானவ" என்று வேண்டுமென்றே பொய் சொன்னார்கள். தீ அசையவில்லை. எதிராளி நம்ப வேண்டும் என்று சொல்கிற பொய்க்குத்தான் அது நகர்ந்தது. விளையாட்டுப் பொய்யை அது பொய்யாகவே மதிக்கவில்லை.

உண்மைக்கு என்ன செய்யும் என்பதை முத்திருளன் காட்டினான். அவனும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன். ஆனியில் ஒருநாள் ஒச்சம்மாள் தீக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது வந்து பக்கத்தில் நின்றான்.

"அக்கா, அன்னிக்கு மேல்கோட்டுக்கு நாலு பேரு போகச் சொன்னீங்க. நாலாவது ஆளு நான். நான் போகல. பாறைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். பயமா இருந்துச்சுக்கா."

தீ ஒரு சாண் தணிந்தது. ஒச்சம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டு நாள் அவனோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் அடுத்த மலையில் புகை தெரிந்தபோது, ஒரு பச்சைக் கொப்பை ஒடித்து அவன் கையில் கொடுத்தாள்.

ஆவணிக்குள் தீ, கேட்டிலிருந்து ஆறு எட்டுக்கு வந்துவிட்டது. அனல் அகழியைத் தாண்டி உள்ளே போனது. ஏலச்செடி நிழலும் ஈரமும் இல்லாமல் பிழைக்காது. முதலில் இலை சுருண்டது, பிறகு தண்டு வைக்கோலாகியது. வேலை இல்லாமல் எஸ்டேட்டுக் கூலியாட்களின் லயத்து வீடுகளில் இருந்தவர்கள் பிள்ளைகளோடும் பானை சட்டிகளோடும் இறங்கி வந்தார்கள். கல்லூத்துப்பாறை அவர்களுக்கு வீடு கொடுத்தது, அடுப்புக் கொடுத்தது. ஒவ்வொரு குடும்பம் இறங்கும்போதும் இன்னும் எத்தனை பேர் மேலே என்று ஒச்சம்மாள் கேட்டுக்கொண்டாள். கடைசியாக இறங்கியவன் கேட் காவல்காரன் யாக்கோபு. அவன் நேராக ஊருக்குள் வராமல் தீக்கு முன்னால் வந்து, ஒச்சம்மாள் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"மொதலாளி என் பக்கத்துலதான் நின்னாக. வெள்ளச் சட்ட. சாவி அவுக கையில. தெறங்க மொதலாளின்னு மூணு தடவ கெஞ்சுனேன். 'தெறந்தா தீயும் கூட வந்துரும், செடி போயிரும்'னாக. உங்க தம்பி கம்பிய உடவே இல்ல. கை வெந்து தோலு ஒட்டிக்கிச்சு. அப்புறந்தான் உட்டாப்ல."

தீ நகரவில்லை. ஒரு முழம் தணிந்தது.

"போலீஸ்ல இதச் சொல்லுவீரா?" என்றாள் ஒச்சம்மாள்.

சொன்னான். எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்தக் காகிதம் மலையிலிருந்து கீழே போனது. அதற்குப்பின் அதைப் பற்றி ஒரு தகவலும் மேலே வரவில்லை.

புரட்டாசிக் கடைசியில், தீ ஐந்து எட்டுக்கு வந்திருந்தபோது, ராஜரத்தினமே ஜீப்பை எடுத்துக்கொண்டு மலையைச் சுற்றிப் போகிற மறுபாதை வழியாக ஊருக்கு வந்தார். கருத்தப்பாண்டியின் டீக்கடையில் எல்லோரும் எழுந்து நின்ற காலம் உண்டு. இப்போது யாரும் எழவில்லை. அவரே ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். அறுபது வயது ஆள், அந்த ஏழு மாதத்தில் இன்னும் பத்து வயது கூடிப் போயிருந்தார்.

"ஒச்சம்மா, இதை அணைக்க உனக்குத்தான் தெரியும்ங்கறாங்க. உனக்கு என்ன வேணும்னாலும் கேளு."

"எனக்கு ஒண்ணும் வேணாம் மொதலாளி. வெள்ளிக்கிழம பதினோரு மணிக்குக் கேட்டுக்கு உள்பக்கம் வந்து நில்லுங்க. நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. உண்மை சொன்னாத் தீ எறங்கும். ஊரே பாத்திருக்கு."

"உண்மைதானே? சொல்லிட்டாப் போச்சு" என்றார் அவர்.

ஒச்சம்மாள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபது வருஷமாக அவர் எஸ்டேட்டின் நிழல் மரங்களில் படர்ந்த கொடியில் மிளகு பறித்தவள் அவள். அந்த மனிதர் எந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வார் என்பது அவளுக்குத் தெரியும்.

அடுத்த இரண்டு நாளும் மிச்சமிருந்த ஒன்பது பேரையும் கூட்டிப்போய் எஸ்டேட்டைச் சுற்றிலும், அகழி விளிம்பிலும் பின்பக்கப் பாறையோரத்திலும், புல் பூண்டு இல்லாமல் செதுக்கிக் கோடு இழுக்கச் செய்தாள். காட்டுப் பக்கம் ஒரு பொறி தாண்டாது, ஊர்ப் பக்கம் ஒரு பொறி தாண்டாது. எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. முத்திருளன் மட்டும் மண்வெட்டியை ஊன்றி நின்று கோட்டின் வளைவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி செதுக்க ஆரம்பித்தான்.

வெள்ளிக்கிழமை ஊர் முழுக்க மலையேறியது. ராஜரத்தினம் கேட்டுக்கு உள்ளே, அன்றைக்கு நின்ற இடத்திலேயே, பூட்டிய கேட்டின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கேட்டுக்கு வெளியே ஐந்து எட்டில் தீ. தீக்கு இந்தப் பக்கம் ஒச்சம்மாள்.

"அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க மொதலாளி?"

அவர் யாக்கோபைத் தேடினார். கூட்டத்தில் அவன் தெரியவில்லை. "டவுன்ல இருந்தேன்மா. சேதி கேட்டுத்தான் ஓடி வந்தேன்."

தீ ஓர் எட்டு வைத்தது.

"சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

"யாக்கோபுகிட்ட. எப்பவும் அவன்கிட்டத்தான் இருக்கும்."

தீ இரண்டு எட்டு வைத்தது. கேட்டின் பச்சைப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. ராஜரத்தினம் பின்வாங்கி முகத்தைத் துடைத்தார்.

"ஏன் தெறக்கல?"

"புகையில யாருன்னு தெரியல ஒச்சம்மா! ஏதோ மிருகம் மோதுதுன்னு நெனச்சேன்!"

தீ இன்னும் ஓர் எட்டு வைத்தது. இனி ஒன்றுதான் பாக்கி. அடுத்த கேள்வியை ஒச்சம்மாள் ஏழு மாதமாக வாய்க்குள் வைத்திருந்தாள்.

"அவங்க கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா?"

அவர் இல்லை என்றுதான் சொல்வார் என்று அவள் நினைத்தாள். ஊரே அப்படித்தான் நினைத்தது. ஆனால் அனல் முகத்தில் அடித்ததாலோ, பயத்தாலோ, அல்லது உள்ளே ஏதோ ஒன்று உண்மையாகவே உடைந்ததாலோ, ராஜரத்தினம் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கேட்டுச்சு. மூணு பேரு குரலும் கேட்டுச்சு. தவசி என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டான். சாவி என் கையிலதான் இருந்துச்சு. திறந்திருந்தா மூணு பேரும் பிழைச்சிருப்பாங்க. செடி போயிருமேன்னு திறக்கல. இப்பவும் என் காதுல கேக்குது. தூங்க முடியல. நான்தான் கொன்னேன். நான்தான்."

தீ இறங்கியது. ஏழு மாதம் மழைக்கும் காற்றுக்கும் குனியாத தீ, தோள் உயரத்துக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது, கடைசியில் அடுப்பில் எரிகிற சுள்ளி அளவுக்குக் கணுக்காலில் ஊர்ந்தது. கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. மொக்கராசுவின் மனைவி வாய்விட்டு அழுதாள். கூடலிங்கத்தின் அப்பா தலைத்துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டார். முத்திருளன் கொப்பை ஓங்கினான்.

"அக்கா, அடிச்சிரவா? ஒரே அடியில போயிரும்."

ஒச்சம்மாள் அந்தச் சின்னத் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே அடிதான். அதற்குப்பின் இந்த மனிதர் எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு, பங்களாவுக்குப் போவார். சொல்லிவிட்ட நிம்மதியில் இன்றைக்குத் தூங்குவார். வருகிற வருஷம் இதே சாம்பலில் புதுச் செடி வைப்பார், சாம்பல் பட்ட மண்ணில் செடி நன்றாகவே வரும். அவர் காதில் இருக்கிற குரல் கொஞ்ச நாளில் தேய்ந்து போகும். அவள் காதில் இருப்பது தேயாது. கால் மணி நேரப் பேச்சோடு அவள் தம்பியின் உயிருக்கான கணக்குத் தீர்ந்துவிடும்.

"கொப்ப எறக்குடா" என்றாள்.

தீக்கு மிக அருகில் போய் நின்றாள். சேலை விளிம்பில் அனல் பட்டது. கேட்டுக் கம்பிகளுக்கு உள்ளே மண்டிபோட்டிருந்தவரை, ஒரு பிள்ளையைப் பார்ப்பதுபோலக் கனிவாகப் பார்த்தாள். அந்தக் கனிவு அவளுக்கு எங்கிருந்து வந்ததோ, அவளுக்கே தெரியாது. தவசி காய்ச்சலில் கிடந்தபோது பேசிய குரலில், நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் அவர் காதில் போய் விழும்படி சொன்னாள்:

"அழாதீங்க மொதலாளி. உங்கள நான் மன்னிச்சுட்டேன்."

ராஜரத்தினம் நிமிர்ந்தார். அவர் அதை நம்பினார். முகத்திலிருந்த சுருக்கமெல்லாம் கலைந்து, "அம்மா" என்று கைகளைக் குவித்தார். சாவி நழுவிச் சருகில் விழுந்தது.

தீ எழுந்தது. ஆனைமுடங்கி மலையில் அதுவரை யாரும் பார்க்காத உயரத்துக்கு, சத்தமே இல்லாமல் எழுந்து, ஒச்சம்மாளின் ஒரு மயிரைக்கூடத் தொடாமல் கேட்டைத் தாண்டி உள்ளே பாய்ந்தது. உள்ளே வைக்கோலாகிக் கிடந்த செடிகள் வழிவிட்டன. அவர் ஓடினார். லயத்து வீடுகளைத் தாண்டி, தண்ணீர்த்தொட்டியைத் தாண்டி, பங்களாப் படிவரைக்கும் ஓடினார். அவர் குரல் கொஞ்ச நேரம் கேட்டது. யார் பேரையோ கூப்பிட்டார். யார் பேர் என்று வெளியே நின்ற யாருக்கும் புரியவில்லை.

அவரைத் தாண்டியதும் அது சாதாரணத் தீயாகிவிட்டது. படபடவென்று சத்தம் போட்டது, புகைந்தது, காற்றடித்த பக்கம் சாய்ந்தது. ஒச்சம்மாள் கொப்பை எடுத்தாள். பத்துப் பேரும் கோட்டைச் சுற்றி நின்று, தாண்டப் பார்த்த ஒவ்வொரு பொறியையும் அடித்தார்கள். காட்டில் ஒரு மரம் கருகவில்லை, ஊரில் ஒரு கூரை கருகவில்லை. பொழுது சாய்வதற்குள் கடைசிக் கங்கும் அடங்கியது. அவ்வளவு சுத்தமாக அவர்கள் எந்தத் தீயையும் அணைத்ததில்லை.

மறுநாள் காலை டீக்கடையில் எல்லோருக்கும் ஒரே குழப்பம்.

"உண்மையத்தானய்யா சொன்னாரு" என்றார் கருத்தப்பாண்டி. "தீயும் எறங்கிருச்சு. அப்புறம் ஏன் பாஞ்சுச்சு?"

"இன்னும் எதையோ மறச்சிருப்பாரு" என்றார் ஒருவர்.

"இந்தப் பொம்பள மனசாரப் போயி மன்னிச்சாளே, அதக்கூடத் தீ மதிக்கலையே" என்றார் இன்னொருவர்.

ஒச்சம்மாள் உள்ளே வந்தாள். முழங்கையில் நேற்றுப் பட்ட கொப்புளத்துக்கு மஞ்சள் அப்பியிருந்தாள். அவர்கள் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது.

"அவரு பொய் சொல்லல" என்றாள். "நான்தான் சொன்னேன்."

ஆற்றிக்கொண்டிருந்த டீ கருத்தப்பாண்டியின் கையில் நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு முத்திருளன் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டான்.

"ஒக்காருக்கா."

ஒச்சம்மாள் உட்கார்ந்தாள். டீ வந்தது. ஊதி ஊதிக் குடித்தாள். ஏழு மாதத்துக்குப்பின் அவளுக்குப் பசித்தது. கருத்தப்பாண்டியிடம் இரண்டு வடை கேட்டு வாங்கித் தின்றாள்.